"பாதி வழியில இருக்கேன்" என்று சொல்வதற்கு முன்

மியான்மரின் யாங்கோன் நகரத்தில் சாயங்காலம் யாரையாவது பார்க்க ஒத்துக்கொண்டால், போய்ச் சேரும் நேரத்தைச் சொல்லாதீர்கள். கிளம்பும் நேரத்தைச் சொல்லுங்கள். நகருக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை, எனவே இண்டு இடுக்கில் புகுந்து போகிற வழியே கிடையாது. காரோ பஸ்ஸோ, நெரிசலில் மாட்டினால் மாட்டியதுதான். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். "5 மணிக்குக் கடையை விட்டுக் கிளம்புறேன், ஏறினதும் போன் பண்றேன் அத்தை" என்றால், எப்போது உலை வைப்பது என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

தாமதமானால், சொன்ன நேரம் தாண்டுவதற்கு முன்பே கூப்பிடுங்கள். புது நேரத்தைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லுங்கள். இரண்டாவது தடவை தள்ளிப்போட்டால்தான் முகம் சுருங்கும். சட்டை மாட்டிக்கொண்டே "பாதி வழியில இருக்கேன்" என்பது மட்டும் வேண்டாம். பின்னால் வீட்டு குக்கர் விசில் கேட்கும்!

அப்புறம், தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்குப் போன் செய்வதாகச் சொன்னால் இரண்டு ஊர் நேரத்தையும் சொல்லிவிடுங்கள். மியான்மர் இந்தியாவைவிட 1 மணி நேரம் முன்னால். இங்கே இரவு 9 என்றால் அங்கே 8. கரண்டையும் நெட்டையும் நம்ப முடியாத நாள் என்றால், "இன்னிக்கு லைன் கிடைக்கலைன்னா நாளைக்குக் காலையில" என்று மாற்று நேரத்தையும் அப்போதே பேசிவைத்துக்கொள்ளலாம்.