மழுங்கின கத்திக்கு மார்க்கர் வைத்தியம்

எவ்வளவு தேய்த்தாலும் கத்தி மொக்கையாகவே இருந்ததற்குக் காரணம் சாணைக்கல் இல்லை, கத்தியைக் கல்லில் சாய்த்துப் பிடிக்கும் கோணம். அதைக் காட்டிக்கொடுத்தது ஒரு மார்க்கர் பேனா. கத்தியின் வாய் நெடுக மையைப் பூசி, 1000 கிரிட் (கல்லின் சொரசொரப்பைக் குறிக்கும் எண்) கல்லை நனைத்து லேசாக இழுத்துப் பார்த்தேன். மேலே மை போயிருந்தது, வாயோரத்தில் அப்படியே இருந்தது. வாய் கல்லைத் தொடவே இல்லை! முதுகைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்ததும் அந்த மையும் அழிந்தது. 4.5 செ.மீ. அகலக் கத்திக்கு 15 டிகிரி வேண்டுமென்றால் முதுகு கல்லிலிருந்து சுமார் 12 மி.மீ. உயரத்தில் நிற்க வேண்டும்.

அடுத்தது பிசிறு. ஒரு பக்கம் போதுமான அளவு தீட்டியதும் மறுபக்கம் மெல்லிய உலோகப் பிசிறு புரளும். விரலை முதுகிலிருந்து வாயை நோக்கித் தடவினால் (வாய் நெடுகத் தடவாதீர்கள், ரத்தம்தான் வரும்) சொரசொரவென்று தட்டும். அடியிலிருந்து நுனிவரை அது தட்டுப்படும்வரை நான் கத்தியைத் திருப்புவதில்லை. நுனிதான் எப்போதும் டபாய்க்கும். அங்கே கைப்பிடியைச் சற்று உயர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் முடிந்தபின், அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். கல்லில் சேரும் கருஞ்சேற்றை நான் கழுவுவதில்லை, அதுவும் சேர்ந்துதான் தேய்க்கிறது. இப்போது தாளைத் தொங்கவிட்டுக் கத்தியை வைத்தால் சர்ரென்று இறங்குகிறது.