பழைய பக்கங்களை ஸ்கேன் செய்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் சனிக்கிழமைதோறும் நாங்கள் சிலர் கூடிப் பழைய தமிழ் விழா மலர்களை ஸ்கேன் செய்கிறோம். போன வாரம், புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருவர் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார். “அண்ணா, எழுத்தோட விளிம்பை எடுத்தா பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமா வருது.” கட்டத்தின் அகலத்தை எண்ணச் சொன்னேன். 8 பிக்சல். ஆறு வருடத்துக்கு முன் நான் விழுந்த அதே குழி.

பக்கம் கோணலாக விழுவது, கோப்புப் பெயர் மாறுவது எல்லாம் போகப் போகச் சரியாகிவிடும். தானாகச் சரியாகாதவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதல் பிரதியையே ஜேபெக்கில் சேமிப்பது

1992இல் வந்த ஜேபெக் (JPEG) என்ற படக்கோப்பு வடிவம், புகைப்படங்களை மனத்தில் வைத்து உருவானது. படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 அலைகளின் கலவையாக மாற்றும். நாசிர் அகமது, நடராஜன், ராவ் மூவரும் 1974இல் வெளியிட்ட கொசைன் உருமாற்றம்தான் இது. அப்புறம் நுண்ணிய அலைகளின் அளவுகளை முரட்டுத்தனமாக முழு எண்களாக்கும், பல பூஜ்யமாகிவிடும். முகத்துக்கும் வானத்துக்கும் இது போதும். ஆனால் கறுப்பு மை சட்டென்று முடிந்து வெள்ளைத் தாள் தொடங்குகிறதே, அந்த இடத்தைக் காப்பது அந்த நுண்ணிய அலைகள்தான். அவை போனால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படியும், கட்டங்களுக்கு இடையே சிறு படி விழும். நம் கண்ணுக்குத் தப்பும் அந்தப் படி, விளிம்பைக் கண்டுபிடிக்கும் கேனி, சோபல் போன்ற முறைகளுக்குத் தப்பாது. படியைத் தேடுவதுதான் அவற்றின் வேலை.

தமிழுக்குச் சேதம் இன்னும் அதிகம். மெய்யெழுத்தின் அரை மில்லிமீட்டர் புள்ளி, 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) சுமார் 6 பிக்சல். ஒரு கட்டத்தைவிடச் சிறியது.

தோ பாயோவில் அரசு அடுக்குமாடி (வீவக) வீட்டில் ஒரு பெரியவர் 1960களின் மலர் ஒன்றை இரண்டு வாரத்துக்குக் கொடுத்தார். வட்டில் இடம் இல்லையென்று ஜேபெக்கில் எடுத்தேன். ஓரத்தில் சில பிக்சல் வெட்டிச் சேமித்தேன். வெட்டியதும் பழைய கட்டத்தின் குறுக்கே புதுக் கட்டம் விழுந்தது. பிறகு பிஎன்ஜி (PNG) கோப்பாக மாற்றினேன். பிஎன்ஜி கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும், சேதத்தையும் சேர்த்து. மறுபடி எடுக்கலாம் என்று ஆறு மாதம் கழித்துப் போனால், அவர் வீடு மாறியபோது மலர் பழைய தாள்களோடு போய்விட்டது. அதில் ஒரு கவிதை. எழுதியவரின் இனிஷியல் த-வா ந-வா தெரியவில்லை. மற்ற சொற்களை ஊகிக்கலாம், இனிஷியலை எப்படி ஊகிப்பது? இன்றும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது.

ஏ4 பக்கம் ஒன்று, 300 டிபிஐயில், வண்ணத்தில், சுருக்காமல் சுமார் 26 மெகாபைட். ஒரு டெராபைட் வட்டில் 38,000 பக்கம் கொள்ளும். முதல் பிரதியை டிஃப் (TIFF) கோப்பாகவோ பிஎன்ஜியாகவோ எடுத்துவிட்டு, அதைத் தொடாதீர்கள். எல்லா வேலையும் நகலில் செய்யுங்கள். மாணவியின் மலர் நல்லவேளை எங்கள் மேசையிலேயே இருந்தது; அன்று மாலையே டிஃப்பில் மறுபடி எடுத்துவிட்டோம்.

சோபலை 8 பிட்டில் ஓட்டுவது

சோபல் கணக்கிடுவது பக்கத்துப் பிக்சல்களின் வித்தியாசம்; வெள்ளையிலிருந்து கறுப்புக்கு இறங்கும்போது விடை எதிர்மறை எண். 0 முதல் 255 வரை மட்டும் கொள்ளும் 8 பிட்டில் அது பூஜ்யமாகிவிடும். எழுத்தின் ஒரு பக்க விளிம்பு மட்டும் மிஞ்சும். எதிர்மறையும் கொள்ளும், குறியுள்ள 16 பிட்டில் கணக்கிட்டு, பிறகு குறியை நீக்குங்கள்.

கண்டபடி மங்கலாக்குவது

அழுக்கை நீக்க மங்கலாக்கினால், மெய்யெழுத்தின் புள்ளிகளும் சேர்ந்து போகும்.

ஜேபெக் தரம் 90 என்றால் 90 சதவீதம் என்று நம்புவது

அது சதவீதம் அல்ல; எவ்வளவு முரட்டுத்தனமாகச் சுருக்குவது என்று சொல்லும் எண் மட்டுமே.

வாட்ஸ்அப்பில் வாங்குவது

படமாக வந்தால் மறுபடி சுருங்கியிருக்கும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.