உலகமயமாதலின் லாப நட்டத்தை எப்படிக் கணக்கிடுவது?

தொழில்நுட்பம் முன்னின்று நடத்திய உலகமயமாதலை மதிப்பிட முற்படுபவர்கள் பெரும்பாலும் தாளின் நடுவே கோடு கிழித்து, நன்மைகளை ஒருபுறமும் தீமைகளை மறுபுறமும் அடுக்குகிறார்கள். தேர்வு எழுத அந்தப் பட்டியல் போதும். ஆனால் லாபம் பெற்றவர் ஒருவராகவும் நட்டப்பட்டவர் வேறொருவராகவும் இருப்பதை அது மறைத்துவிடுகிறது.

ஆகவே முதலில் ஒரே ஒரு கருவியைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் இணையத்தையே எடுப்பார்கள். நான் கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகத்தைப் பரிந்துரைப்பேன், ஏனெனில் அதன் கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. 1956 ஏப்ரல் 26 அன்று, லாரித் தொழிலில் வளர்ந்த மால்கம் மெக்லீன், ‘ஐடியல் எக்ஸ்’ என்ற கப்பலில் 58 பெட்டகங்களை ஏற்றி அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அதுவரை மூட்டையும் பீப்பாயும் பெட்டியுமாகத் தொழிலாளர்கள் ஒவ்வொன்றாக ஏற்றி இறக்க, கப்பல்கள் நாள்கணக்கில் துறைமுகத்தில் காத்துக் கிடந்தன. பூட்டிய பெட்டகத்தைக் கிரேன் அப்படியே தூக்கி வைக்கத் தொடங்கியதும் சரக்குக் கூலி மளமளவெனச் சரிந்தது. ஒரு பொருளின் பாகங்களைப் பல நாடுகளில் செய்து இன்னொரு நாட்டில் பொருத்துவதும் கட்டுப்படியாயிற்று.

அடுத்து, ‘யாருக்கு, எவ்வளவு?’ என்று கேளுங்கள். விலை குறைந்ததன் பலன் கோடிக்கணக்கானோருக்குச் சிறிது சிறிதாகச் சேர்ந்தது; நட்டமோ துறைமுகத் தொழிலாளர் குடியிருப்புகளில் மொத்தமாக விழுந்தது. பெரிய பெட்டகக் கப்பல்கள் நுழைய வழியற்ற லண்டன் நகரின் பழைய கப்பல்துறைகள் 1981-க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மொத்தக் கூட்டல் லாபம் காட்டினாலும், ஒரே இடத்தில் குவிந்த இந்த நட்டத்தைத் தனி வரியாகவே எழுதுங்கள்.

மூன்றாவது படியில்தான் பலரும் தவறுகிறார்கள்: கருவி செய்ததையும் மனிதர்கள் முடிவுசெய்ததையும் பிரித்தறிய வேண்டும். அமெரிக்க மேற்குக் கரையில் 1960-இல் துறைமுகத் தொழிற்சங்கமும் முதலாளிகளும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். இயந்திரங்களை அனுமதிப்பதற்கு ஈடாக, தொழிலாளர்களின் வருமானத்தையும் ஓய்வுக்கால உதவியையும் காக்க முதலாளிகள் ஒரு நிதிக்குப் பணம் செலுத்தினார்கள். அப்படி ஈடு கிடைக்காமல் போன துறைமுகங்களின் துயரத்தைக் கிரேனின் கணக்கில் மட்டும் எழுதுவது நியாயமாகாது.

பிறகு, அந்தக் கருவி நின்றுபோனால் என்னவாகும் என்று சோதியுங்கள். 2021 மார்ச்சில் ‘எவர் கிவன்’ என்ற ஒற்றைக் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியதால் ஆறு நாட்கள் போக்குவரத்து முடங்கியது. சரக்குக் கையிருப்பைக் குறைத்துச் சிக்கனம் செய்த தொழிற்சாலைகளுக்கு அந்தச் சிக்கனமே வினையானது. விலைப்பட்டியலில் ஏறாத செலவுகளையும் இங்கேயே சேர்த்துவிடலாம்: பல நாடுகளில் பாகங்கள் செய்து பொருத்தப்படும் கைபேசி, கணினி போன்றவை குப்பையாகி 2022-இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு சுமார் 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் கால்பங்குக்கும் குறைவு.

இவ்வளவும் பழகிய பின் இணையத்துக்கு வாருங்கள். அட்லாண்டிக் கடலடியில், தகவலை ஒளியாகக் கடத்தும் முதல் ஒளியிழைக் கேபிள் 1988-இல் செயல்படத் தொடங்கியது. பெட்டகம் ஆலை வேலையை இடம் மாற்றியது போலவே, இத்தகைய கேபிள்கள் கணக்கெழுதுதல், வாடிக்கையாளர் சேவை, நிரலாக்கம் போன்ற மேசை வேலைகளை இடம் மாற்றின. மேற்சொன்ன கேள்விகளை அதே வரிசையில் கேளுங்கள். ஆனால் இந்தக் கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருப்பதால், விடையோடு அதை எழுதிய தேதியையும் குறித்து வையுங்கள்.