கூதிரை வரவேற்கும் முறை: பழனி மலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தமிழ் மரபு, ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் என்று அழைத்தது. மலைநிலமான குறிஞ்சித் திணைக்கு உரிய பெரும்பொழுதாக அந்தக் கூதிரையே முன்பனியோடு சேர்த்து வைத்தது. ஆகவே இலையுதிர் காலமான கூதிரை வரவேற்க மலையில் வாழ்கிறவர்கள் வேறெங்கும் போய் முறை தேட வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை இறங்கி, வாடைக்காற்று வீசத் தொடங்கும் இந்த மாதங்களுக்கான சடங்கும் சமையலும் கைவேலையும் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. சமவெளியில் பழகிய அளவுகளையும் நேரங்களையும் மலையின் குளிருக்கும் ஈரத்துக்கும் ஏற்ப மாற்றிக்கொள்வது மட்டுமே நம் வேலை. கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் மேப்பிள் இலைத் தோரணங்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். நம் சோலை மரங்கள் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பவை. இலை உதிர்வதைப் பார்க்க விரும்புகிறவர்களுக்குத் தோட்டத்துப் பிளம்ஸ் மரமும் பேரி மரமும் போதும்.

புரட்டாசி அமாவாசைக்கு மறுநாள் தொடங்கும் நவராத்திரியிலிருந்தே ஏற்பாடுகளைத் தொடங்குங்கள். கொலுவில் பூங்கா அமைக்கிறவர்கள் கடுகு, வெந்தயம், கேழ்வரகு ஆகியவற்றைத் தட்டில் விதைப்பது வழக்கம். சமவெளியில் நான்கைந்து நாளில் தலைகாட்டும் முளை, கொடைக்கானல் குளிரில் மெதுவாகத்தான் எழும் என்பதால், கொலு வைப்பதற்குப் பத்து நாள் முன்பே விதைத்து, தட்டை அடுப்படியின் கதகதப்பில் வைத்துவிடுங்கள். சுண்டலுக்கு உலர்ந்த கடலையைவிட நம் மலையில் விளையும் பச்சைப் பட்டர் பீன்ஸையே நான் தேர்ந்தெடுப்பேன். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுவதால், திறந்த பாத்திரத்தில் பருப்பும் பயறும் வேகவே வேகாததுபோல் நீண்ட நேரம் எடுக்கும். குக்கரைப் பயன்படுத்தி, வழக்கத்தைவிட ஒரு விசில் கூடுதலாக விடுவது நல்லது. ஆயுத பூசைக்கு மண்வெட்டியையும் கவாத்துக் கத்தியையும் கழுவித் துடைத்து எண்ணெய் தடவினால், வரும் மழை மாதங்களில் அவை துருப்பிடிக்காமலும் இருக்கும்.

தீபாவளி லேகியம் இந்தப் பருவத்துக்கென்றே அமைந்த மருந்து. பலகார வேலைக்கு முன்னால் அதைக் கிளறி முடித்துவிடுங்கள். கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் சில்வர் ஓக் மரங்களில் கொடியேற்றி வளர்க்கும் மிளகு கிடைத்தால் அதன் காரமும் மணமும் லேகியத்துக்குத் தனிச் சிறப்பைத் தரும். சுக்கு ஐம்பது கிராம், மிளகு, ஓமம், சீரகம், மல்லி ஆகியவற்றில் ஒவ்வொரு மேசைக்கரண்டி, அரிசித் திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை ஆகியவற்றில் பத்துப் பத்து கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக்காற்றில் சாமான்கள் நமத்துப் போயிருக்கும் என்பதால் வெறும் வாணலியில், சிறு தீயில், கைபொறுக்கும் சூடு வரும்வரை வறுத்த பிறகே இடித்துச் சலியுங்கள். பொடியின் எடையைப்போல் ஒன்றரை மடங்கு வெல்லத்தைக் கரைத்து வடிகட்டிக் கொதிக்கவிட்டு, கைவிடாமல் கிளறிக்கொண்டே பொடியைத் தூவ வேண்டும். நெய்யும் நல்லெண்ணெயும் சிறிது சிறிதாகச் சேர, முதலில் குழம்பாகக் கொப்பளித்த கலவை மெல்ல இறுகிக் கறுத்து, கரண்டியோடு சேர்ந்து சுருண்டு வரும். ஓரத்தில் எண்ணெய் கசிந்து, விரலில் உருட்டினால் ஒட்டாமல் இருப்பதே பதம். தேனை நன்கு ஆறிய பிறகு கலக்குங்கள். தீபாவளி விடியலில் எண்ணெய்க் குளியல் முடித்ததும் வெறும் வயிற்றில் நெல்லிக்காய் அளவு உண்பது வழக்கம். குளியலுக்கு நல்லெண்ணெயே ஏற்றது, ஏனெனில் தேங்காய் எண்ணெய் நம் குளிரில் புட்டியிலேயே உறைந்து கிடக்கும்.

மழை விடாத நாட்களில் பிள்ளைகளுக்குத் தர ஒரு கைவேலை உண்டு. பாதையோர மண்சரிவுகளில் வளரும் வெள்ளிப் பெரணியின் இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்புறம் முழுவதும் வெண்பொடி படிந்திருக்கும். நனையாத இலையாகத் தேர்ந்து, கறுப்புத் தாளின்மேல் பொடிப் பக்கம் கீழே இருக்குமாறு வைத்து, மேலே ஒரு செய்தித்தாளைப் போட்டு உள்ளங்கையால் ஒரே முறை அழுத்தி நேராக மேலே தூக்குங்கள். தேய்த்தால் உருவம் கலங்கும். நடுநரம்பிலிருந்து பிரியும் ஒவ்வொரு சிற்றிலையும் அதன் நுனிப் பற்கள்வரை வெள்ளையாகத் தாளில் பதிந்துவிடும். விரல் பட்டால் அழியும் என்பதால் மேலே டிரேசிங் தாளை ஓரம் ஒட்டி மூடி, கொலு அழைப்பிதழாகவோ வாழ்த்து அட்டையாகவோ பயன்படுத்தலாம். இலைகளைச் சாலையோரத்திலோ சொந்தத் தோட்டத்திலோ மட்டும் எடுக்கும்படி பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். சோலைக் காடுகளின் பெரும்பகுதி 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயத்துக்குள் அடங்கும்; அங்கிருந்து ஒரு செடியையும் பறித்து வரக் கூடாது.

கார்த்திகைத் தீபத்துக்கு மலையில் இரண்டு இடையூறுகள் உண்டு, ஒன்று வாடை, மற்றொன்று மஞ்சு எனும் மூடுபனி. புதிய அகல்களை முந்தைய நாள் சில மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து முற்றிலும் உலர்த்திவிட்டால் அகல் எண்ணெயைக் குடிக்காது. திரிகளை அடுப்பருகே காயவைத்து, சற்றுத் தடிப்பாகத் திரித்து, எண்ணெயில் முழுக்க நனைத்த பிறகே அகலில் இடுங்கள். வடக்கும் கிழக்கும் பார்த்த திறந்த திண்ணையைத் தவிர்த்து, மாடத்திலும் சன்னல் ஓரத்தின் உட்புறத்திலும் வரிசையிட்டால் சுடர் நிற்கும். பொரி உருண்டைக்கு நெற்பொரியைச் சூடான வாணலியில் ஒருமுறை புரட்டிக்கொண்டு, தண்ணீரில் விட்ட பாகு உருண்டு தட்டில் போட்டால் ‘டங்’ என்று ஒலிக்கும் பதத்தில் கலந்து பிடியுங்கள். ஆறிய உடனே மூடி இறுகிய டப்பாவில் வைக்காவிட்டால் மாலைக்குள் நமத்துவிடும்.

இவை அனைத்துக்கும் துணையாக, இந்த ஆண்டு ஒரு மழைக் குறிப்பேடு தொடங்குங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். 1899-இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் பதிவுசெய்துவருகிற ஊர் இது. நாள்தோறும் வானத்தைக் குறித்துவைப்பது இவ்வூருக்குப் புதிதன்று. அடிமுதல் வாய்வரை ஒரே அகலமுள்ள கண்ணாடிப் பாத்திரத்தை, மரமோ கூரையோ மறைக்காத இடத்தில் சாயாதபடி நிறுத்திவிட்டு, வானிலைத் துறை அளவெடுக்கும் காலை 8.30 மணிக்கே நீங்களும் அளவுகோலால் நீரின் உயரத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதி, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு மீண்டும் வையுங்கள். ஒரு மில்லிமீட்டர் என்பது ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் என்பதால், கூரையில் விழுந்த மழையையும் பிள்ளைகளே கணக்கிட்டுவிடலாம். அளவுக்குப் பக்கத்தில் மஞ்சு இறங்கிய நேரத்தையும், பிளம்ஸ் மரம் இலை உதிர்க்கத் தொடங்கிய நாளையும், கொலுத் தட்டில் முளை தோன்ற எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் எழுதிவைத்தால், அடுத்த புரட்டாசியில் விதைக்க வேண்டிய நாளை அந்த ஏட்டைப் பார்த்தே முடிவுசெய்துகொள்ளலாம்.