பழைய மோடத்தில் தமிழ்க் கோப்பு அனுப்ப

சென்னை ரிச்சி தெருவில் பழைய மோடம் (தொலைபேசி வழியே கணினிகளை இணைக்கும் கருவி) வாங்கினால் அதற்குரிய அடாப்டரையும் கேட்டு வாங்குங்கள். வோல்ட் மாறினால் மோடம் போய்விடும்.

மோடத்தோடு பேசும் டெர்மினல் மென்பொருளில் இரு முனையிலும் வைக்க வேண்டியவை: 2400 பாட் (வேகம்), ஓர் எழுத்துக்கு 8 பிட், பாரிட்டி (பிழை காட்டும் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் (எழுத்தின் முடிவைக் குறிப்பது). 8 என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். 7 வைத்தால் தட்டச்சிடும் ஆங்கிலம் தப்பிக்கும், தமிழ் சிதறும்: திஸ்கி (TSCII) என்ற பழைய தமிழ்க் குறியீட்டில் தமிழ் எழுத்துகளின் எண்கள் 127க்கு மேலே உள்ளவை, எட்டாவது பிட் போனால் ‘அ’கூட மிஞ்சாது.

அழைப்பவர் தட்ட வேண்டியது ஏடிடிடி (ATDT, அழைக்கும் கட்டளை), பிறகு எதிர்முனையின் தொலைபேசி எண். மணி அடித்ததும் எதிர்முனையில் ஏடிஏ (ATA, அழைப்பை ஏற்கும் கட்டளை). ‘கனெக்ட்’ என்று வந்ததும் இருவரும் எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையைத் தேர்ந்தெடுங்கள். எக்ஸான்-எக்ஸாஃப் (சில குறிகளால் ஓட்டத்தை நிறுத்தித் தொடங்கும் வசதி) அணைந்திருக்கட்டும், இல்லையேல் பாதியில் நிற்கும்.

எக்ஸ்மோடம் 128 பைட் கட்டுகளாக அனுப்பும். கடைசிக் கட்டின் மிச்சத்தைக் கன்ட்ரோல்-இசட் குறிகள் நிரப்பும். வந்த கோப்பின் அடியில் அவற்றை அழித்துவிடுங்கள்.

கால் வெயிட்டிங் ஒலி இணைப்பை அறுக்கும். அழைக்கும் முன்பே நிறுத்துங்கள்.