ஃப்ளோட் குறைந்த பங்கு: வாங்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டியவை

போன வாரம் அம்பத்தூரிலிருந்து என் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஒரு ஷேர் அஞ்சு நாளா அப்பர் சர்க்யூட்ல நிக்குது. வாங்கிடட்டுமா?" அப்பர் சர்க்யூட் என்றால் ஒரு நாளில் விலை ஏற அனுமதித்த உச்ச வரம்பு. நான் விலையைக் கேட்கவில்லை. "அதுல வெளியே விற்க வாங்கக் கிடக்கறது எத்தனை பங்குடா?" என்றேன். அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

1994-லிருந்து செகண்ட் லைன் பீச்சில், மெட்ராஸ் பங்குச் சந்தைக் கட்டடத்துக்கு அருகே ஒரு புரோக்கர் ஆபீஸில் வேலை பார்த்தேன். அப்போது பங்கு என்பது காகிதம். சில கம்பெனிகளின் பத்திரம் மாதத்துக்கு ஒரு கட்டுகூடக் கைமாறாது. அந்தச் சந்தை 2015-ல் மூடப்பட்டுவிட்டது, பத்திரங்களும் டிமேட் என்ற மின்னணுக் கணக்குக்குள் போய்விட்டன. கைமாறாத பங்குகள் மட்டும் இன்றும் இருக்கின்றன.

என் வீடு ராயபுரம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் காசிமேட்டு விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். கடலில் மீன் அப்படியேதான் இருக்கிறது, ஏலத்துக்கு வருவதுதான் குறைகிறது. இரண்டு ஹோட்டல்காரர்கள் போட்டி போட்டாலே வஞ்சிரம் விலை எகிறிவிடும். கம்பெனியின் மொத்தப் பங்குகள் கடல் மீன் என்றால், ஏலத்துக்கு வந்த கூடைதான் ஃப்ளோட். புரொமோட்டர் (கம்பெனியை நடத்தும் உரிமையாளர் தரப்பு) கையில் இருப்பது, அரசு வைத்திருப்பது, லாக்-இன்னில் (குறிப்பிட்ட காலம் விற்கக் கூடாது என்ற பூட்டில்) இருப்பது எல்லாம் போக, பொதுமக்கள் வாங்கி விற்கக் கூடியது.

பட்டியலிட்ட கம்பெனியில் குறைந்தது 25 சதவீதம் பொதுமக்களிடம் இருக்க வேண்டும் என்பது பொது விதி. சிலருக்குக் கால அவகாசம் உண்டு. இந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 2022-ல் எல்ஐசியில் அரசு பொதுமக்களுக்கு விற்றது வெறும் 3.5 சதவீதம். ஆனால் அதன் மதிப்பு 20,000 கோடி ரூபாய்க்கு மேல். எண்ணிக்கையும் அப்படித்தான். நம்ம ஊர் டயர் கம்பெனி எம்ஆர்எஃப்பில் மொத்தமே சுமார் 42 லட்சம் பங்குகள்தான். அதில் புரொமோட்டர்களிடம் சுமார் 28 சதவீதம். ஒரு பங்கு ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டு மீதி சுமார் 30 லட்சம் பங்கைப் பெருக்கினாலே 30,000 கோடி வருகிறது. ஆகவே ஃப்ளோட்டை எப்போதும் ரூபாயில் கணக்கிடுங்கள்.

ஃப்ளோட் உண்மையிலேயே மெலிந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு சமையல் எண்ணெய் கம்பெனியான ருச்சி சோயா நல்ல பாடம். திவால் நடவடிக்கைக்குப் பிறகு பதஞ்சலி வாங்கியபோது சுமார் 99 சதவீதம் புரொமோட்டர் பக்கம் போய்விட்டது. 2020 ஜனவரியில் சுமார் 17 ரூபாய்க்கு மறுபடி வர்த்தகத்துக்கு வந்த பங்கு, ஜூன் இறுதியில் 1,500-ஐத் தாண்டியது. தொழில் ஐந்தே மாதத்தில் அத்தனை மடங்கு வளர்ந்துவிடவில்லை, விற்க ஆள் இல்லை, அவ்வளவுதான். 2022 மார்ச்சில் அதே கம்பெனி பொதுமக்களுக்குப் பங்கு விற்றபோது விலை 650 ரூபாய்.

சரி, எப்படிக் கணக்கிடுவது? ஒவ்வொரு காலாண்டும் முடிந்து 21 நாளுக்குள் கம்பெனி தன் பங்குதாரர் விவரத்தைச் சந்தைக்குக் கொடுக்க வேண்டும். பிஎஸ்இ, என்எஸ்இ பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் கம்பெனியின் பக்கத்தில் 'ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்' என்று இருக்கும். புரொமோட்டர் பங்கைக் கழித்ததோடு பலர் நிறுத்திவிடுவார்கள். அங்கேதான் நான் 2018-ல் தவறினேன்.

நான் வாங்கிய கம்பெனியில் மொத்தம் ஒரு கோடி பங்கு. புரொமோட்டரிடம் 73 லட்சம். மீதி 27 லட்சம் வெளியே இருக்கிறது என்று நம்பினேன். ஆனால் 'பப்ளிக்' தலைப்பின் கீழ் 1 சதவீதத்துக்கு மேல் வைத்திருப்போரின் பெயர்கள் தனியாக வரும். அதில் மூன்று பேர் சேர்ந்து 11 லட்சம் வைத்திருந்தார்கள், வருடக்கணக்காக அசையாத பங்குகள். இன்னொரு ஒன்றரை லட்சம் ஐஇபிஎஃப் கணக்கில், அதாவது ஏழு வருடம் ஈவுத்தொகை கோரப்படாமல் அரசின் நிதிக்குப் போனவை. இவையும் பப்ளிக் கணக்கில்தான் வரும், ஆனால் சந்தைக்கு வராது. கடைசியில் நிஜமாகச் சுற்றியது பதினான்கரை லட்சம். 184 ரூபாய் விலையில் 27 கோடிக்கும் குறைவு.

தினமும் சராசரியாக 4,000 பங்குதான் கைமாறியது. நான் 2,000 பங்கு வாங்கினேன், 3,68,000 ரூபாய். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம். அந்த மூவரில் ஒருவர் விற்க ஆரம்பித்தார். 5 சதவீத லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த கடைசி வரம்பு, ஒன்பது நாள் தொடர்ந்து. விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் விற்கச் சொல்லும் ஸ்டாப்லாஸ் ஆர்டர் போட்டிருந்தேன். வாங்க ஆளே இல்லாதபோது அது எங்கே நிறைவேறும்? பத்தாவது நாள் வெளியே வந்தபோது விலை சுமார் 116. நஷ்டம் 1,36,000.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு. என்எஸ்இ தினமும் டெலிவரி அளவை, அதாவது அன்றே திருப்பி விற்காமல் வாங்கியவர் கணக்குக்குப் போன பங்குகளின் எண்ணிக்கையை, வெளியிடுகிறது. கடந்த 20 நாள் சராசரியில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க மாட்டேன். அந்தப் பங்கில் தினசரி 4,000-மும் டெலிவரி என்றே வைத்தாலும் 400-தான் வாங்கியிருக்க வேண்டும். போடும் தொகை முழுவதும் ஒரு மாதம் முடங்கினாலும் வீட்டுச் செலவு ஓட வேண்டும்.

ஆர்டர் போடும்போது லிமிட் மட்டும், அதாவது இந்த விலைக்கு மேல் வேண்டாம் என்று நீங்களே வரம்பு சொல்வது. திரையில் தெரியும் ஐந்து விலை வரிசையையும் பாருங்கள். 184-ல் 30 பங்கு, 189-ல் 50 பங்கு, அடுத்தது 197 என்று இருந்தால், 80 பங்குக்கு மேல் போடும் மார்க்கெட் ஆர்டர் (கிடைக்கிற விலைக்கு வாங்குவது) உங்களை நேராக 197-க்குக் கொண்டுபோய்விடும். வாங்குவோர் பக்கத்தையும் அதே கவனத்தோடு பாருங்கள், நீங்கள் வெளியேறப்போகும் வழி அதுதான்.

பங்கு 'டிரேட்-டு-டிரேட்' பிரிவில் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். என்எஸ்இயில் பெயரோடு 'பிஇ' என்று வரும். அதில் டெலிவரி கட்டாயம், காலையில் வாங்கியதை மாலையில் விற்க முடியாது. மற்றப் பிரிவிலும், கையில் இல்லாத பங்கைக் காலையில் விற்றுவிட்டு மாலையில் திரும்ப வாங்கலாம் என்ற ஆசை ஃப்ளோட் குறைந்த பங்கில் வேண்டவே வேண்டாம். அப்பர் சர்க்யூட்டில் பூட்டிக்கொண்டால் வாங்க வழியில்லாமல் பங்குச் சந்தை நடத்தும் ஏலத்துக்குப் போகும். அங்கே விலை உங்கள் கையில் இல்லை.

அப்புறம், புதிதாகப் பட்டியலான கம்பெனியில் ஃப்ளோட் ஒரே அளவில் நிற்காது. ஐபிஓவில் (முதல் பொது வெளியீட்டில்) முன்கூட்டியே பங்கு ஒதுக்கப்படும் பெரிய நிறுவனங்களான ஆங்கர் முதலீட்டாளர்களின் பாதிப் பங்குகள் 30 நாளிலும் மீதி 90 நாளிலும் விடுபடும். ஐபிஓவுக்கு முன்பே உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஆறு மாதம். தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன படகுகள் மொத்தமாக மீனோடு கரைக்குத் திரும்புகிற மாதிரி, அன்று கூடை நிறையும்.

அக்கா மகன் கேட்ட பங்கு பட்டியலாகி நாலு மாதம்தான் ஆகிறது. ஆறாவது மாதத் தேதியைக் கண்டுபிடித்து தினசரி காலண்டரில் வட்டம் போட்டுவிட்டான். அந்த வாரத்து டெலிவரி கணக்கை எனக்கும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறான்.