பியானோ பதிவுகளைப் பகிரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"சூப்பர்", "அருமை தங்கச்சி", கூடவே கைதட்டும் ஒரு படம். ஹட்டனிலிருந்து பண்டாரவளை வரை, பியானோ பழகுகிறவர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் பதிவுகளுக்குப் பெரும்பாலும் இப்படித்தான் பதில் வருகிறது. மனம் நோகக்கூடாது என்ற நல்லெண்ணம் அது. ஆனால் மலையகத்தில் பலருக்குக் கிழமைக்கு ஒரு தடவை மிஸ்ஸிடம் போய் வருவதே பெரிய பாடு. அப்படியிருக்க, நம் வாசிப்பை முழுதாக உட்கார்ந்து கேட்க இன்னொருவர் கிடைப்பது எவ்வளவு பெரிய உதவி! அவர் என்ன கேட்டார், எந்த இடத்தில் கேட்டார் என்று சொல்லாமல் போனால் அந்த உதவி கைக்கு வந்து சேராது.

முதலில் அனுப்புகிறவர் பக்கம். மைக்கை அழுத்திப் பிடித்து வொய்ஸ் மெசேஜாக வாசிப்பை அனுப்பாதீர்கள். அது பேச்சுக்காக வந்த வசதி. ஒலியை நன்றாகச் சுருக்கிவிடும். ஃபோனின் ரெகோடரில் பதிந்து, டொக்கியுமென்டாக இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளபடியே போகும். இன்னொரு சிக்கல், பல ஃபோன்கள் மெல்லிய ஒலியைத் தாமாகவே தூக்கி, பலத்த ஒலியை அமுக்கிவிடுகின்றன. நீங்கள் எட்டு பார் (இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்த தாளக் கட்டம்) நீளத்துக்குப் படிப்படியாக ஏற்றிய ஒலி அங்கே ஒரே மட்டமாகக் கேட்கும். "உணர்ச்சி போதாது" என்று பதில் வரும். செட்டிங்கில் இதை நிறுத்த வழி இருந்தால் நிறுத்திவிடுங்கள். ஃபோனைப் பியானோவின் மேலேயே வைத்தால் கட்டைகள் தட்டும் சத்தம்தான் முன்னுக்கு நிற்கும். ஐந்தாறு அடி தள்ளி, ஒரு கதிரையில் துணியை மடித்துப் போட்டு அதன்மேல் வையுங்கள். தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், தகரக் கூரையில் மழை கொட்டும்போது மெல்லிய பாகங்களைப் பதிவதில் பயனில்லை. மழை விட்ட நேரம் பார்த்துப் பதியுங்கள்.

என்ன வாத்தியத்தில் வாசித்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். பேத்தோவனின் 'மூன்லைட்' சொனாட்டாவை (ஓபஸ் 27, இலக்கம் 2) எடுத்துக்கொள்வோம். 61 கட்டை கீபோர்டின் இடப்பக்கக் கடைசிக் கட்டை பெரும்பாலும் 'சி' சுரம். சொனாட்டாவின் முதல் பாகத்தின் இரண்டாவது பாரிலேயே இடக்கை அதற்கும் கீழே உள்ள 'பி'க்கு இறங்கவேண்டும். அந்தக் கட்டை கீபோர்டில் கிடையாது. இது தெரியாதவர் "இடக்கையில் ஆழம் இல்லை" என்று எழுதுவார், வாசித்த பிள்ளையோ, கீபோர்டில் இல்லாத கட்டைக்காக மனம் வருந்தும். நுவரெலியா, நானுஓயாப் பக்கத்துப் பழைய அப்ரைட் பியானோக்களுக்கும் இதே அநியாயம் நடக்கிறது. ஈரத்தில் மரம் ஊறினால் கட்டை ஒட்டிக்கொள்ளும், சுருதி விலகும். வாசித்தவரின் விரலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கேட்கிறவர் அதை ஒதுக்கிவைத்துவிட்டு இசையைக் கேட்கப் பழகவேண்டும்.

இதே சொனாட்டாவில் நான் அடிக்கடி பார்க்கும் கருத்து, "நிலா வெளிச்சம் வரவில்லை" என்பது. அந்தப் பெயரைப் பேத்தோவன் வைக்கவில்லை. 1827இல் அவர் இறந்த பிறகு ஒட்டிக்கொண்டது. நிலாவைத் தேடுவதை விட்டுவிட்டு அவர் எழுதிவைத்ததைப் பாருங்கள். முதல் பாகத்தின் வேகம் அடாஜியோ சொஸ்டெனூட்டோ, அதாவது மெதுவாக, சுரங்களை நீட்டி. ஆனால் தாளக் குறியின்படி ஒரு பாருக்கு இரண்டு எண்ணிக்கைதான், நான்கு இல்லை. நான்காக எண்ணி இழுத்து இழுத்து வாசித்தால் மேலே உள்ள மெட்டு துண்டு துண்டாக நின்றுவிடும். அதோடு, பாகம் முழுவதையும் தந்தியின் ஒலியை அடக்கும் டாம்பர்களைத் தூக்கியபடியே, அதாவது பெடல் போட்டு, மிக மென்மையாக வாசிக்கச் சொல்கிறார். அவர் காலத்துப் பியானோவில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்றைய பியானோவில் நின்று ஒலிப்பதால், இசைவு மாறும் இடங்களில் பெடலை மாற்றவேண்டியிருக்கிறது.

ஆகவே "பெடல் கூடிப்போச்சு" என்று மட்டும் எழுதினால் அந்தத் தங்கச்சி அடுத்த தடவை பெடலையே குறைத்துவிடுவார், இசை காய்ந்துபோகும். இப்படி எழுதிப் பாருங்கள்: "இரண்டாவது பாரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது கீழே 'பி' இன்னும் ஒலிக்கிறது, அதன்மேல் 'ஏ' வந்து விழுகிறது. 'ஏ'யை அழுத்தின பிறகு பெடலைத் தூக்கி மறுபடி போட்டுப் பாருங்கள் தங்கச்சி. நாலாவது பாரில் சுத்தமாக இருக்கிறது." இடம், கேட்டது, செய்து பார்க்க ஒன்று, நன்றாக வந்த இடம், எல்லாம் நாலு வரிக்குள். இதைவிட நீளமாக எழுதத் தேவையே இல்லை.

புத்தக விஷயத்தில் அவசரப்பட்டுப் பிழை பிடிக்காதீர்கள். 'ஃபூர் எலீஸ்' ஏழாவது பாரில் வலக்கையின் இரண்டாவது சுரம் 'ஈ'யா 'டி'யா என்பதில் பதிப்புக்குப் பதிப்பு வித்தியாசம் உண்டு. "நோட் பிழை" என்பதற்கு முன் "எந்தப் பதிப்பு வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது மரியாதை. வேகமும் அப்படித்தான். ஷூமான் 1838இல் எழுதிய 'ட்ராய்மெராய்'க்கு அவர் கொடுத்த மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை எண்ணிக்கை என்பது) 100. மனைவி கிளாரா பின்னர் தன் பதிப்பில் 80 ஆக்கினார். ஒரே வீட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது, யூடியூபில் ஒருவர் வாசிக்கும் வேகத்தை வைத்து இன்னொருவரின் வாசிப்பைத் தட்டிக்கழிப்பது நியாயமில்லை.

வேகத்தை இழுத்து விடுகிற ருபாட்டோவில்தான் அதிகக் குழப்பம். ஷோபேனின் ஓபஸ் 9, இலக்கம் 2 நொக்டர்னை அனுப்புகிற பலர் இரண்டு கையையும் சேர்த்து இழுக்கிறார்கள். கேட்கிறவர்களும் அதை "ஃபீலிங்" என்று பாராட்டிவிடுகிறார்கள். இடக்கைதான் இசைக்குழுவை நடத்துகிறவர், அது தாளத்தைக் காக்கவேண்டும் என்று ஷோபேன் சொன்னதாக அவரிடம் பயின்றவர்கள் பதிந்திருக்கிறார்கள். நம் காமன் கூத்தில் தப்பு மேளம் தாளத்தை விடாமல் பிடித்திருக்க, அதன்மேல் ஆட்டம் இழைவதை நினைத்துக்கொண்டால் போதும். இப்படிப் பதிவு வந்தால் முதலில் இடக்கையை மட்டும் பின்தொடர்ந்து ஒரு தடவை கேளுங்கள்.

சோதனைக் காலத்தில் இன்னொரு பழக்கம் தலைதூக்கும்: "முப்பதுக்கு இருபத்தொன்று தரலாம்" என்று புள்ளி போடுவது. லண்டன் இசைப் பரீட்சைச் சபையான ஏபிஆர்எஸ்எம்மின் கிரேட் சோதனையில் ஒரு பாடலுக்கு 30 புள்ளி, 20 எடுத்தால் பாஸ் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வேலைக்குப் பரீட்சகர் இருக்கிறார். நண்பரிடமிருந்து வரும் எண்ணை வைத்து எந்த விரலையும் திருத்தமுடியாது. 2020இல் வந்த பெர்ஃபோமன்ஸ் கிரேடுக்கு ஆயத்தம் செய்பவர்கள் நான்கு பாடலையும் ஒரே மூச்சில் பதிந்து கொடுக்கவேண்டும். அவர்கள் வெட்டி ஒட்டின பதிவைப் பகிர்வது தங்களையே ஏமாற்றுவது. தடுக்கின இடத்தோடேயே அனுப்பட்டும். தடுக்கின பிறகு எப்படி எழும்பினார் என்பதையும் நாம் சொல்லலாம்.

சின்னப் பிள்ளைகளின் பதிவை அம்மா அப்பாவிடம் கேட்காமல் வேறு குரூப்புக்கு அனுப்பவே கூடாது. கடுமையான திருத்தம் இருந்தால் தனியாகச் சொல்லுங்கள். கருத்து கேட்டவரும் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் கொடுத்து வாதாட வேண்டாம். "சரி அண்ணா, செய்து பார்க்கிறேன்" போதும். திருத்தி மறுபடி பதியும்போது அதே கதிரை, அதே தூரம், அதே ஃபோன் இருக்கட்டும். இல்லாவிட்டால் மாறியது வாசிப்பா, பதிவா என்று யாராலும் சொல்லமுடியாது.